பாலிகஞ்ச்

கல்கத்தா மாநகரின் தென்பாகத்துக் குடியிருப்புப் பிரதேசம். வங்க மொழியில் 'பாலி' என்பது மணலையும் 'கஞ்ச்' என்பது அங்காடியையும் குறிக்கும். கங்கையின் கிளையாகிய ஹூக்ளி கொணர்ந்து சேர்த்த வண்டல் சமவெளியில், வயலும் குளமும் தோட்ட மாளிகைகளுமாக விளங்கிய இவ்விடம், 1862-இல் சியால்தாவிலிருந்து தெற்கு நோக்கித் திறக்கப்பட்ட இருப்புப்பாதையாலும், பின்னர் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைத்த வீதிகளாலும் ஏரியாலும் நகரத்தோடு ஒன்றாயிற்று. 1855-இல் ரிஷ்ராவில் தோன்றி ஹூக்ளிக் கரை நெடுகப் பரவிய சணல் ஆலைகளும், ராணிகஞ்சின் நிலக்கரியும், டார்ஜிலிங்கின் தேயிலையும் வங்காளத்தின் ஐசுவரியம். பாலிகஞ்சோ ஆலைப்புகை சூழ்ந்த ஊரன்று, அத்தொழில்களால் வளர்ந்த நகரில் உத்தியோகம் பார்த்த வழக்கறிஞர், ஆசிரியர், குமாஸ்தாக்கள் ஆகியோரின் வாசஸ்தலம். 1947-இன் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்தினர் பலர் இங்குக் குடியேறினர்.

தமிழருக்கு இவ்வட்டாரம் அந்நியமன்று. வர்த்தக நிறுவனங்களில் கணக்கரும் சுருக்கெழுத்தாளருமாக வந்த நம்மவர், மேற்கே ராஷ்பிஹாரி வீதியை ஒட்டிய லேக் மார்க்கெட்டைச் சுற்றி வாழலாயினர். வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி, தொடுத்த மல்லிகை யாவும் அங்கே கிடைப்பது, தூரதேசத்தில் வாழ்பவருக்கு எத்துணை ஆறுதல்! கரியாஹாட் சந்தை புடவை வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியும், 1959-இல் திறக்கப்பட்ட பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலையும் இங்குள்ளன.