மாலையில் வீடு திரும்பும் பிள்ளை: சிறாருக்கான சமூக சேவை ஆணையும் பெற்றோரின் கேள்விகளும்

பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் சிறு குற்றம் ஒன்றில் சிக்குகிறான். இளைஞர் நீதிக் குழுமம் அவனைச் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பாமல், சில காலம் சமூக சேவை செய்யுமாறு ஆணையிடுகிறது. ஆணையைக் கேட்டதும் பெற்றோருக்கு உண்டாவது நிம்மதி. அன்றிரவே அந்த நிம்மதியைக் கேள்விகள் அரிக்கத் தொடங்குகின்றன. என்ன வேலை கொடுப்பார்கள்? யார் பார்த்துக்கொள்வார்கள்? எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? படிப்பு என்னாகும்? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

இவற்றைப் பிள்ளைப் பாசத்தின் பதற்றம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தவறு செய்தவனின் பெற்றோருக்குக் கேள்வி கேட்கும் உரிமை ஏது என்று கேட்பவர்களும் உண்டு. ஆயினும், சிறார் குற்றம் குறித்த இந்தியச் சட்டங்களை 1850 முதல் வரிசையாக வாசித்தால், இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு இருப்பது புலப்படும். குற்றம் செய்த பிள்ளையை வேலையின் வழியே திருத்தலாம் என்னும் எண்ணம் இந்நாட்டில் புதிதன்று. அந்த வேலைக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டுமா என்பதில்தான் சட்டம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

தொடக்கம் 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம். தொழில்பயிலுநரைப் பிணைப்பது பற்றிய சட்டம் அது. பத்து வயதுக்கு மேற்பட்ட, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஒரு தொழில் கற்பதற்காக ஏழாண்டுகள் வரை ஒரு முதலாளியிடம் ஒப்பந்தத்தின் மூலம் பிணைத்துவிடத் தந்தைக்கோ காப்பாளருக்கோ அது அதிகாரம் அளித்தது. கவனிக்கத்தக்கது அதன் மற்றொரு பிரிவு. ஆதரவற்ற பிள்ளைகளுக்கும், அலைந்து திரிந்ததற்காகவோ சிறு குற்றத்துக்காகவோ தண்டனை பெற்ற பிள்ளைகளுக்கும், நீதித்துறை நடுவரே காப்பாளரின் முழு அதிகாரத்தோடு செயல்படலாம் என்றது அப்பிரிவு. பிள்ளை குற்றவாளி எனத் தீர்ப்பானால், அவனை எங்கே, யாரிடம், எந்தத் தொழிலில் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பெற்றோரின் இடத்தில் நடுவர் அமர முடிந்தது. கப்பல் பணிக்கும் பிள்ளைகளைப் பிணைக்க இச்சட்டத்தில் வழியிருந்தது. கடலுக்குப் போன பிள்ளை எப்போது திரும்புவான் என்பது பெற்றோர் கையில் இல்லை.

அடுத்து வந்தது சீர்திருத்தப் பள்ளிகளின் காலம். பம்பாயில் டேவிட் சசூனின் பெயரைத் தாங்கிய தொழில் மற்றும் சீர்திருத்த நிறுவனம் 1857இல் தோன்றியது. 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. 1897இல் அதன் இடத்தில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887இல் தொடங்கப்பட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவனை மூன்றாண்டுகளுக்குக் குறையாமலும் ஏழாண்டுகளுக்கு மிகாமலும் இத்தகைய பள்ளியில் வைக்கலாம். பதினான்கு வயது நிரம்பியவனை உரிமத்தின் பேரில் வெளியே ஒரு முதலாளியின் பொறுப்பில் வேலைக்கு அனுப்பலாம். கதவு திறந்தாலும் அது வீட்டை நோக்கித் திறக்கவில்லை. தொழிலிடத்தை நோக்கியே திறந்தது.

எனினும், அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் வேறொரு பாதையின் தொடக்கம் தெரிகிறது. நீதிமன்றம் சிறுவனைக் கண்டித்து விட்டுவிடலாம். அல்லது பெற்றோரிடமோ நெருங்கிய உறவினரிடமோ ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது, பன்னிரண்டு மாதங்களுக்கு மிகாத காலத்துக்கு அவனுடைய நன்னடத்தைக்குத் தாமே பொறுப்பு என்று பெற்றோர் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 1850ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரின் இடத்தை எடுத்துக்கொண்டது; 1897ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் பிணையாளியாக. இன்றும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் பிணைப் பத்திரத்தில் கையொப்பமிடும் தாயும் தந்தையும் அந்த மரபில்தான் நிற்கிறார்கள்.

1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைகள் குழு, சிறாருக்கெனத் தனி நீதிமன்ற நடைமுறை வேண்டுமென்று வற்புறுத்தியது. சென்னை மாகாணம் 1920இலும், வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் குழந்தைகள் சட்டங்களை இயற்றின. விடுதலைக்குப் பின் ஒன்றியப் பகுதிகளுக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டமும், நாடு தழுவிய 1986ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் வந்தன. அறிவுரை, பிணை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அபராதம், சிறப்பு இல்லம் ஆகியவை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தன. சமூக சேவை இல்லை.

சமூக சேவை ஆணை உண்மையில் பிறந்தது வளர்ந்தோருக்காக. இங்கிலாந்தில் பார்பரா வூட்டன் தலைமையிலான குழு 1970இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, 1972ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் அதை ஏற்படுத்தியது. அதில் மூன்று வரம்புகள் இருந்தன: குற்றவாளிக்குப் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும், வேலை 40 மணி நேரத்துக்குக் குறையாமலும் 240 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும், அவர் அதற்கு இசைய வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் திருத்த 1978இல் கொண்டுவரப்பட்ட மசோதாவும் இதே வழியில் சென்றது. பதினெட்டு வயது நிரம்பியவருக்கு, அவருடைய இசைவோடு, 40 முதல் 1000 மணி நேரம் வரை ஊதியமில்லா வேலை என்றது அது. மாநிலங்களவையைக் கடந்த அந்த மசோதா, மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியானது.

1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற, பெய்ஜிங் விதிகள் என அறியப்படும் சிறார் நீதி நெறிமுறைகள், நிறுவனக் காவலுக்கு மாற்றான வழிகளுள் ஒன்றாகச் சமூக சேவையைச் சேர்த்தன. முறையான விசாரணைக்குப் போகாமலே சிறாரைச் சேவைக்கு அனுப்புவதானால், சிறாரின் அல்லது பெற்றோரின் இசைவு தேவை என்றும் அவை கூறின. காரணம் வெளிப்படையானது: இசைவின்றி வாங்கப்படும் ஊதியமில்லா உழைப்புக்கும் கட்டாய உழைப்புக்கும் இடையிலான கோடு மிக மெல்லியது. கொத்தடிமை முறையை அனுபவித்தறிந்த நாட்டில், 23ஆம் உறுப்பின் வழியே கட்டாய உழைப்பைத் தடைசெய்த அரசமைப்பின் கீழ், அந்தக் கோட்டைக் காட்டிக் கேள்வி கேட்கும் பெற்றோரை மிகையாக அஞ்சுபவர் என்று சொல்ல முடியாது.

சிறாருக்கான சமூக சேவை இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில். 15ஆம் பிரிவில் ஒரே வரி: சமூக சேவை செய்யுமாறு ஆணையிடலாம். எவ்வளவு காலம், யார் மேற்பார்வையில் என்று அந்த வரி சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டு மாதிரி விதிகள் அதற்கு விளக்கம் தந்தன. சேவை இழிவுபடுத்துவதாகவோ மனிதத்தன்மையைக் குலைப்பதாகவோ இருக்கக் கூடாது என்பது அவ்விளக்கத்தின் சிறப்பு. பூங்காவைத் தூய்மை செய்தல், முதியோருக்கு உதவுதல் முதலியவற்றோடு, ‘ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பணியில் ஈடுபடுதலும் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டது அதன் வேடிக்கை. கருத்து எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை விதியின் வாசகமே காட்டிக்கொடுத்தது.

2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி முன்னேறியது. அதன் 18ஆம் பிரிவின்படி, குழுமம் அடையாளங்காணும் நிறுவனத்தின் அல்லது நபரின் மேற்பார்வையில்தான் சேவை நடக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள், பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர் செய்யும் சேவையே சமூக சேவை என வரையறுத்தன. பூங்காப் பராமரிப்பு, முதியோர் பணி, மருத்துவமனையில் உதவி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பணி, போக்குவரத்துத் தன்னார்வப் பணி ஆகியவற்றை எடுத்துக்காட்டின. ஆனால், இழிவுபடுத்தக் கூடாது என்ற 2007ஆம் ஆண்டுத் தொடர் இந்த வரையறையில் இல்லை. சேவைக்கு மணிக்கணக்கில் உச்சவரம்பும் இல்லை. சிறாரின் அல்லது பெற்றோரின் இசைவு வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வளர்ந்த குற்றவாளிக்கு 1978இல் தர எண்ணிய இரண்டு காப்புகள், சிறாருக்கு 2015இலும் எழுத்தில் கிடைக்கவில்லை.

பெற்றோரின் கேள்விகள் இந்த இடைவெளிகளிலிருந்துதான் எழுகின்றன. முதலாவது, மறைவு பற்றியது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. ஆனால், சேவை என்பது பொதுவெளியில் நடப்பது. கோப்பில் மறைக்கப்பட்ட பெயர், சிறிய ஊர் ஒன்றின் நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலருக்கு அருகில் நிற்கும்போது எல்லாருக்கும் தெரிந்துவிடக்கூடும். பெருநகரத்தில் இது சிக்கலன்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், ஆணையே அறிவிப்பாகிவிடுகிறது.

இரண்டாவது, வேலையின் தன்மை பற்றியது. கழிப்பறையைக் கழுவச் சொல்வதை மேலைநாட்டுப் பாடநூல் எளிய சேவையாகக் கருதலாம். இந்தியாவில் துப்புரவு, சாதியால் சிலர் மீது சுமத்தப்பட்ட தொழில். அதைத் தண்டனையாக்கும்போது, அதையே வாழ்வாதாரமாகக் கொண்டவர்களின் உழைப்பு தண்டனைக்குரியது என்று சட்டமே சொல்வதாகிவிடும். தண்டனை பெறும் சிறுவன் அச்சமூகத்தைச் சேர்ந்தவனானால், பாட்டன் செய்த வேலைக்கே நீதிக் குழுமம் அவனை அனுப்புகிறது. படிக்க வைத்து அந்த வேலையிலிருந்து பிள்ளையை மீட்ட தாய்க்கு அது எத்தகைய அடி என்பதை எந்த விதியும் கணக்கில் கொள்ளவில்லை. கைவிடப்பட்ட அந்த 2007ஆம் ஆண்டுத் தொடரின் அருமை இங்கேதான் தெரிகிறது.

மறுபுறத்து அச்சத்தையும் மறைக்கலாகாது. 2024 மே மாதம் புணேயில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்பட்ட சொகுசுக் கார் மோதி இருவர் உயிரிழந்தனர். அன்றே வழங்கப்பட்ட பிணையின் நிபந்தனைகளுள், சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவதும் ஒன்று. நாடு கொதித்தது. இறந்தவர்களுக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் பார்வையில் அந்தக் கட்டுரை நீதியைக் கேலி செய்வதே. எனினும், அது பிணை நிபந்தனையே தவிர, விசாரணை முடிவில் 18ஆம் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்பட்ட சமூக சேவை ஆணையன்று. சீற்றத்தில் இந்த வேறுபாடு கரைந்துபோனது; வசதி படைத்தோர் தப்பிக்கும் வழியே சமூக சேவை என்ற எண்ணம் பரவியது. அதன் விளைவைச் சுமப்பவர்கள், கைப்பேசித் திருட்டிலும் தெருச் சண்டையிலும் சிக்கும் ஏழைப் பிள்ளைகள்.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, வளர்ந்தோருக்கான தண்டனைகளில் சமூக சேவையையும் சேர்த்தது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடித் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தந்தவர் முதலியோருக்கு அது விதிக்கப்படலாம். அங்கே அதன் பெயர் தண்டனை. சிறார் சட்டத்திலோ அது மறுவாழ்வுக்கான வழி. ஒரே சொல் இரு பொருளில் வழங்கும்போது, வலுவான பொருள் மற்றதை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. பிள்ளையைக் கொண்டுபோய் விடும் இடத்தில் மேற்பார்வையாளர் அவனை எந்தப் பொருளில் வரவேற்கிறார் என்பது பெற்றோருக்குச் சிறிய செய்தியன்று.

சட்டம் பெற்றோரின் கையை முற்றிலும் வெறுமையாக விட்டுவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சிறாரும் பெற்றோரும் விவரமறிந்து பங்கேற்பதை உறுதிசெய்வது குழுமத்தின் கடமை என்கிறது 8ஆம் பிரிவு. ஆணைக்கு அடிப்படையாகும் சமூக விசாரணை அறிக்கைக்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுச் சூழலை விசாரிக்கிறார்; பள்ளி நேரம், பிள்ளையின் உடல்நிலை, ஊரின் இயல்பு ஆகியவற்றைப் பெற்றோர் எடுத்துச்சொல்ல வேண்டிய இடம் அதுவே. குழுமத்தில் நடுவரோடு சமூகப் பணியாளர் இருவர் அமர்வதும், அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும், இத்தகைய பேச்சுக்குக் காது இருக்க வேண்டும் என்பதற்காகவே. ஆணையால் பாதிக்கப்பட்டதாகக் கருதினால் முப்பது நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இத்தீர்ப்பு பின்னாளில் பிள்ளைக்குத் தகுதியிழப்பாக அமையாது என்ற காப்பு 24ஆம் பிரிவில் இருக்கிறது. வளர்ந்தோருக்கு நிகராக விசாரிக்கப்படும் கொடுங்குற்ற வழக்குகளே அதற்கு விலக்கு.

1850இல் பிணைக்கப்பட்ட பிள்ளை ஏழாண்டுகள் வரை திரும்பவில்லை. 1897இல் பள்ளிக்குச் சென்றவன் மூன்றாண்டுகளேனும் திரும்பவில்லை. இன்று சேவைக்குச் செல்பவன் மாலையில் வீடு திரும்புகிறான். இந்த மாற்றம் பெரிது. அதைக் கேலிக்குரியதாக்கி இழந்துவிடலாகாது. ஆனால், அவன் திரும்பும்போது தலை நிமிர்ந்து வருகிறானா, குனிந்து வருகிறானா என்பதை முதலில் காண்பவர் வாசலில் காத்திருக்கும் தாயோ தந்தையோதான். அவர் கேட்கும் கேள்விகளைத் தடையாகக் கொள்ளாமல் சான்றாகக் கொள்வதே, 1850இல் அவரிடமிருந்து எடுக்கப்பட்ட இடத்தை முழுமையாகத் திருப்பித் தருவதாகும்.