ஈரத்தகட்டு ஒளிப்படத்தில் கழுவுதல்

பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய படலம் காய்வதற்குள், ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடங்களில், படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். இந்த அவசரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள்; படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதென்னவோ அடுத்து வரும் கழுவல்தான். இரும்பு சல்பேட்டும் அசெட்டிக் அமிலமும் கலந்த உருத்துலக்கியை ஊற்றி, உரு தெரிந்ததும் தண்ணீர் விட்டுத்தான் வினையை நிறுத்துகிறார்கள். முதலில் ஊற்றும் நீர் எண்ணெய்ப் பிசுக்கில் பட்டதுபோல் கோடுகோடாக ஒதுங்கி ஓடும். படலத்திலுள்ள ஈதரும் ஆல்கஹாலும் நீங்கிய பின்னரே தகடு முழுவதும் சீராகப் பரவும். அதற்கு முன் கழுவுவதை நிறுத்தக் கூடாது. பொட்டாசியம் சயனைடால் நிலைநிறுத்துவோருக்கு இது உயிர்ப் பிரச்சினையும்கூட: மிஞ்சிய அமிலம் சயனைடோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கொலோடியன் படலம் மெல்லியது, ஜெலட்டின்போல் உப்பாது, ஆகவே நிலைநிறுத்திய பின் ஓரிரு நிமிடக் கழுவல் போதும் என்பர். சயனைடுக்கு இது ஓரளவு பொருந்தும். மற்றொரு நிலைநிறுத்தியான ஹைப்போவுக்குப் (சோடியம் தயோசல்பேட்) பொருந்தாது, மிச்சம் தங்கினால் வெள்ளி சல்பைடாகிப் படம் மஞ்சளித்துவிடும். அதற்காகக் குழாயை வேகமாகத் திறந்தாலும் ஆபத்து: விளிம்பு உரிந்து படலமே கழன்றுபோகும். மூலையைப் பிடித்து, மெல்லிய ஒழுக்கில், பல முறை நீர் மாற்றிக் கழுவுவதே சரி. பிறகு பூசும் சாண்டராக் வார்னிஷ், காய்ந்த தகட்டைக் கீறலிலிருந்து காக்குமே தவிர, உள்ளே தங்கிய உப்பை அகற்றாது.