சிற்றிலும் செப்பும்: பேத்திக்கு ஒரு மர வீடு

நவராத்திரி நெருங்கினால் என் வயதுக்காரர்கள் சிலர் கேட்பார்கள்: "பேத்திக்கு இரண்டரை வயது. மரத்தில் ஒரு பொம்மை வீடும், உள்ளே வைக்கச் சாமான்களும் வாங்கலாமென்று இருக்கிறேன். எதை வாங்கலாம் சார்?" கடைக்குப் போவதற்கு முன் அந்தப் பொம்மை வீட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் பதில் எளிதாகிவிடும் என்பது என் எண்ணம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு 'மேசோன் த பூப்பே', அதாவது பொம்மையின் வீடு, என்று பெயர். ஆனால் ஐரோப்பாவில் இது குழந்தைக்காகப் பிறந்த பொருள் அல்ல. 1558-இல் பவேரியாவின் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் செய்வித்த சிறு மாளிகை அவருடைய கலைப்பொருள் சேகரிப்பில்தான் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற சீமாட்டி ஓர் அலமாரிக்குள் வீடு அமைத்தார். அதற்கான குட்டிப் பீங்கான்கள் சீனாவிலிருந்தே வந்தன. இன்று அது அந்நகர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒன்று கட்டினார். நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். எல்லாம் கண்ணால் பார்ப்பதற்குத்தான், குழந்தை கைவைப்பதற்கு அல்ல.

நம் வழக்கம் இதற்கு நேர்மாறு. குழந்தையின் வீட்டைக் குழந்தையே கட்டியது. அதற்குச் சிற்றில் என்று பெயர். தெருமணலில் சிறுமிகள் கட்டிய சிற்றிலைக் காலால் கலைத்த குறும்புப் பையனைக் கலித்தொகையில் கபிலர் காட்டுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று கண்ணனிடம் ஒரு பதிகம் முழுக்க முறையிடுகிறாள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவமாகவே அமைந்துவிட்டது. கலைந்தால் அழுவார்கள், மறுபடி கட்டுவார்கள். ஆட்டமே அதுதான்.

ஆக, வீடு மணல். அப்படியானால் தச்சருக்கு என்ன வேலை? வண்டியும் பாத்திரமும். தச்சர் செய்த சிறுதேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. பாத்திரங்கள்தான் நாம் சொப்பு என்று சொல்லும் மரச்செப்பு: அடுப்பு, பானை, குடம், அம்மி, உரல், திருகை. நம்மில் பலருக்கு ஓலைப்பெட்டியில் அடுக்கி வந்த அந்தச் சாமான்கள் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம்.

கர்நாடகத்தில் சன்னபட்டணம். அங்கே இத்தொழிலை வளர்த்தவர் திப்பு சுல்தான் என்பார்கள். 1792 உடன்படிக்கையில் நம் திண்டுக்கல்லை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்த அதே திப்புதான். அவ்வூர்க்காரர்கள் பெரிதும் பயன்படுத்தும் மரம் நமக்கு அந்நியமானதல்ல. வறண்ட காடுகளில் வளரும் வெட்பாலைதான் அது. வெளுத்த, இலேசான மரம். கடைசல் பட்டறையில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தூரிகையால் பூசும் பெயின்ட் போல அது செதில் செதிலாக உரிந்து வராது. எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு இது முக்கியம்.

வீட்டில் குடியிருக்க ஆள் வேண்டுமே, அதற்கு மரப்பாச்சி இருக்கிறது. 1858-இல் வெளிவந்த 'சோஃபியின் தொல்லைகள்' என்ற பிரெஞ்சுக் கதையில், சோஃபி தன் மெழுகுப் பொம்மைக்குக் குளிருமே என்று வெயிலில் வைப்பாள், அதன் கண்கள் உருகி உள்ளே போய்விடும். குளிப்பாட்டினால் சாயம் போகும். கடைசியில் பொம்மைக்குச் சவ அடக்கமே நடக்கும். செஞ்சந்தனத்தில் கடைந்த நம் மரப்பாச்சியைக் குளிப்பாட்டலாம், வெயிலில் காயவைக்கலாம், சேலை கட்டிக் கொலுவிலும் வைக்கலாம். பாட்டியின் மரப்பாச்சி பேத்திக்கு வந்த வீடுகள் பல உண்டு.

இனி வாங்குவது பற்றி. 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களின் பொருள்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. எனவே பெரிய கடையில் முத்திரையைப் பாருங்கள். கைவினைஞரிடம் வாங்கினால் என்ன மரம், என்ன சாயம் என்று கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால், சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் சாமான் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பெரிய அளவுச் செப்பில் ஏழெட்டு போதும்.

வீட்டை மட்டும் யோசித்து வாங்குங்கள். கதவு, ஜன்னல், கட்டில், திரைச்சீலை எல்லாம் ஒட்டியே வரும் வீட்டில் குழந்தை செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. முன்பக்கம் திறந்த இரண்டு தட்டுப் பலகை, தச்சரிடம் சொல்லி முனை மழித்துக் கொடுத்தால் அதுவே வீடு. கூடவே கொஞ்சம் மரக்கட்டைகள். இன்று திண்டுக்கல்லில் வாசலெல்லாம் சிமென்ட், சிற்றில் கட்ட மணலுக்கு எங்கே போவது? அந்த மணலின் வேலையைத்தான் இந்தப் பலகையும் கட்டைகளும் செய்ய வேண்டும். குழந்தை கலைத்தால் கலைக்கட்டும், அடுக்கி வைக்கச் சொல்லி அதட்டாதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் இன்னொரு பெட்டி செப்பு வாங்கி பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள். நாம் வாங்கினால்தான் கடைசல் பட்டறைகள் சுழலும். சொப்பு விளையாட்டுக்கும் இரண்டு பேராவது வேண்டும்: ஒருத்தி சமைக்க, இன்னொருத்தி விருந்துக்கு வர.