திட்டத்தை மாற்றும் உரிமை: அஜைல் குழுக்களைப் பற்றி ஒரு வாதம்

1980-களின் தொடக்கத்தில் கேனன் நிறுவனம், சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தை உருவாக்க முனைந்தது. பழுதுபார்க்க ஆள் தேடி அலைய வேண்டாத இயந்திரமாக அது இருக்க வேண்டும். பழுதுகளில் பெரும்பங்கு உள்ளே சுழலும் உருளையால்தான் வந்தது. எனவே உருளை தேய்ந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளும்படி அமைப்பதென்று தீர்மானித்தார்கள். தூக்கி எறியும் பொருள் என்றால் அது மலிவாக இருந்தாக வேண்டுமே. குழுத் தலைவர் ஹிரோஷி தனாகா ஒருநாள் பீர் வரவழைத்தார். பேச்சுக்கு நடுவே கையிலிருந்த அலுமினிய டின்னைத் தூக்கிக் காட்டி, இதைச் செய்ய என்ன செலவாகும் என்று கேட்டார். டின் செய்யும் முறை உருளைக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று குழு ஆராயப் போய், குறைந்த செலவில் அலுமினிய உருளை செய்யும் வழி பிறந்தது. 1982-இல் பிசி-10 சந்தைக்கு வந்தது.

இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர் மேலாண்மை அறிஞர் இக்குஜிரோ நொனாகா. அவரும் ஹிரோதாகா தகேயுச்சியும் 1986 ஜனவரியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரைதான் இன்று மென்பொருள் அலுவலகங்களில் புழங்கும் ‘ஸ்க்ரம்’ என்ற சொல்லின் ஊற்று. ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காக முட்டும் நிலைக்கு ஸ்க்ரம் என்று பெயர். அந்தக் கட்டுரையில் மென்பொருளுக்கு வேலையே இல்லை. கேனனின் கேமராக்கள், பிசி-10, ஃபுஜி-ஜெராக்ஸின் எஃப்எக்ஸ்-3500, ஹோண்டாவின் சிட்டி கார் எனத் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்களைப் பற்றிய ஆய்வு அது. எஃப்எக்ஸ்-3500 உருவாக 29 மாதங்கள் பிடித்தன. அதற்கு முந்தைய ஒரு மாடலுக்கு 38 மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஹோண்டாவின் மேலிடம் சிட்டி குழுவுக்கு இரண்டே கட்டளைகள் இட்டது. நிறுவனம் இதுவரை செய்த எதைப் போலவும் இருக்கக் கூடாது. விலை குறைவாக இருக்க வேண்டும், மட்டமாக இருக்கக் கூடாது. அந்தக் குழுவினரின் சராசரி வயது 27. காரின் உருவம் என்ன, நீளம் என்ன, உயரம் என்ன என்பதையெல்லாம் அந்த இளைஞர்களே முடிவு செய்தார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ந்த நிறுவனங்களில் மேலிடம் விலகி நிற்கவும் இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்தது, அவர்களை வாடிக்கையாளர்களிடம் அனுப்பியது, தனி ஆளை எடைபோடாமல் குழுவை ஒன்றாக எடைபோட்டது. இத்தகைய மேற்பார்வையை ஆசிரியர்கள் நுட்பமான கட்டுப்பாடு என்கிறார்கள். எதைச் செய்வது என்ற முடிவு வேலை நடக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

என் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. மென்பொருளைச் சிறு சுற்றுகளில் செய்து, கற்றதற்கேற்பத் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் முறைகளை அஜைல் என்கிறார்கள்; ஸ்க்ரம் அவற்றில் ஒன்று. இரண்டு வாரத்துக்கொரு சுற்று என்று வேலையைப் பகுத்துக்கொள்வது எளிது. ஒரு சுற்றின் முடிவில் தெரியவந்தது அடுத்த சுற்றின் வேலையை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும் உரிமை, தெரிந்துகொண்டவர்களின் கையிலோ அவர்களுக்கு எட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும். இந்த உரிமை இல்லாத குழு எத்தனை கூட்டம் போட்டாலும் அஜைல் குழு ஆகாது. உரிமை உள்ள குழுவில் கூட்டங்கள் குறைந்தாலும் பெரிய கேடு இல்லை.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டது பலரும் அறிந்த வரலாறு. நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். அவற்றில் ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவைக் குறிக்கும் மதிப்பெண்) இல்லை, வெலாசிட்டி (ஒரு சுற்றில் முடித்த பாயிண்ட்டுகள்) இல்லை, ஸ்க்ரம் மாஸ்டர் இல்லை. வளர்ச்சியின் பிற்பகுதியில் வந்தாலும் தேவைகளின் மாற்றத்தை வரவேற்க வேண்டும் என்பது அந்தக் கொள்கைகளில் ஒன்று. வரவேற்பது யார், வரவேற்க அதிகாரம் யாருக்கு என்பதை அறிக்கை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பின்னாளில் நேர்ந்த குழப்பங்களில் பாதி இந்த இடைவெளியில்தான் விளைந்தது என்று நினைக்கிறேன்.

அறிக்கைக்கு முந்தைய ஒரு முயற்சி இதற்குச் சான்று தருகிறது. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலை ஒரே அமைப்பில் கொண்டுவரும் சி3 திட்டத்துக்குள் 1996-இல் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் வந்தார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் எனப்படும் நடைமுறைத் தொகுப்பு அங்கேதான் உருப்பெற்றது. நிரலுக்கு முன்பே சோதனையை எழுதுவது, இருவர் ஒரே திரையில் அமர்ந்து எழுதுவது, எழுதியதை அன்றன்றே முழு அமைப்போடு இணைப்பது, வாடிக்கையாளரின் ஆளைக் குழுவோடு உட்கார வைப்பது. 1997-இல் அந்த அமைப்பு சுமார் 10,000 பேருக்குச் சம்பளம் கணக்கிடத் தொடங்கியது. தொழில்திறனில் அந்தக் குழுவைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2000 பிப்ரவரியில், மற்ற ஊழியர்களைச் சேர்க்கும் முன்பே திட்டம் நிறுத்தப்பட்டது. எதைச் செய்ய வேண்டும் என்று குழுவிடம் சொன்னவர்கள் ஒரு பக்கம், பணம் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம் என்று இருந்ததை அந்தக் குழுவினரே பின்னர் விவாதித்திருக்கிறார்கள். குழுவோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரால் பணம் கொடுத்தவர்களின் சார்பில் முடிவெடுக்க முடியவில்லை. குழு கற்றது பணம் இருந்த இடத்தைச் சென்றடையவில்லை.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, காகிதக் கோப்புகளை விட்டுக் கணினிக்கு மாற முயன்று ஒருமுறை கடுமையாகத் தோற்றது. 17 கோடி டாலர் செலவழிந்த பின் 2005-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2006-இல் சென்டினல் என்ற பெயரில் அடுத்த முயற்சி லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நான்கு கட்டங்கள், விரிவான தேவைப் பட்டியல், கட்டத்துக்குக் கட்டம் ஒப்புதல். 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தபோது 45.1 கோடி டாலரில் 40.5 கோடி செலவாகியிருந்தது; கைக்கு வந்தது இரண்டு கட்டங்களே. பழைய வழியிலேயே முடிப்பதென்றால் இன்னும் ஆறு ஆண்டுகளும் 35.1 கோடி டாலரும் தேவைப்படும் என்று வெளியார் மதிப்பீடு சொன்னது.

அந்த ஆண்டிலேயே எஃப்பிஐ பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 220 பேரிலிருந்து 40 பேராகக் குறைக்கப்பட்டார்கள். தேவைகள், பயனருக்கு வேண்டியதைச் சொல்லும் சிறு சிறு பயனர் கதைகளாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு வாரத்துக்கொரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று. ஒவ்வொன்றின் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்ட வேண்டும். என்னை மிகவும் கவர்ந்தது 2011 அக்டோபரில் நடந்தது. 740-க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே நேரத்தில் அமைப்பில் வேலை செய்யச் சொன்னார்கள். இரண்டு முறை அது நின்றுபோனது. பழைய சாதனங்கள் இந்தப் பளுவைத் தாங்காது என்று தெரிந்ததும், புதிய சாதனங்கள் வரும்வரை வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். தாமதத்துக்காக விமர்சனம் எழுந்தது. இருந்தும் கண்டதைக் கண்டபடி ஏற்று, தேதியை மாற்றும் அதிகாரம் சோதனையைப் பார்த்தவர்களிடமே இருந்தது. 2012 ஜூலை 1 அன்று சென்டினல் எல்லா ஊழியர்களுக்கும் திறக்கப்பட்டது.

இதில் ஒரு நியாயமான ஐயம் எழும். 40 கோடி டாலரும் இரண்டு கட்டங்களும் அடித்தளமாகக் கிடைத்த பிறகுதானே புதிய முறை வென்றது? உண்மைதான். வெறும் நிலத்தில் எழுப்பிய கட்டடமாக அதைக் காட்டக் கூடாது. ஆனால் அதே அடித்தளத்தின் மேல் பழைய முறைக்கு இன்னும் ஆறு ஆண்டு வேண்டும் என்றல்லவா கணக்குச் சொன்னது? நிரலாளர்களின் திறமை ஒரே இரவில் கூடிவிடவில்லை. முடிவெடுப்பவர் ஒப்பந்தத்தின் மறுபக்கத்திலிருந்து குழுவின் பக்கத்துக்கு வந்தார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நடக்கும் மென்பொருள் வேலையின் பெரும்பகுதி, கடல் கடந்த வாடிக்கையாளருக்கான ஒப்பந்த வேலை. நான் சில காலம் அருகிலிருந்து பார்த்த ஒரு குழுவில் ஒன்பது பேர். தினமும் காலையில் நின்றபடியே ஸ்டாண்ட்-அப் கூட்டம். குழுவின் லீட் திரையில் டிக்கெட் பட்டியலைத் திறப்பார். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று ஒப்பிப்பார்கள். ஒப்பிக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. எல்லாக் கண்களும் லீட் மேல்தான். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு அந்த மூன்று கேள்விகளையே நீக்கிவிட்டது. அங்கே அது தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பதியும் திரை. ஒரு டெமோவின்போது டெஸ்டிங் பார்க்கும் இளம்பெண் ஒருவர் ஒன்றைக் கவனித்தார். காகிதப் படிவத்தில் பாலிசி எண் கடைசியில் இருக்கிறது. திரையிலோ அதுதான் முதல் கட்டம். தட்டச்சு செய்பவர் ஒவ்வொரு படிவத்துக்கும் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் முன்பக்கம் வர வேண்டும். அவர் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வாடிக்கையாளர் தரப்பில் இருந்தவர்கூடத் தலையசைத்தார். அரை நாள் வேலை. ஆனால் திரையின் அமைப்பு கையொப்பமான ஆவணத்தில் இருந்தது. சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதி, விலை போட்டு, இரு பக்கமும் ஒப்புதல் வாங்கி, அது வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அதன்பிறகு வந்த டெமோக்களில் அந்தப் பெண் எதையும் சொல்லி நான் கேட்கவில்லை.

அந்தக் குழுவில் ஸ்பிரிண்ட் இருந்தது, அதன் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ இருந்தது, வெலாசிட்டி வரைபடம் சுவரில் தொங்கியது. அந்த வரைபடத்தை நிர்வாகம் பார்க்கத் தொடங்கியதும் எஸ்டிமேட்டுகள் மெல்ல ஊதிப் பெருத்தன. நேற்று மூன்று பாயிண்ட் பெற்ற வேலை இன்று ஐந்து பெற்றது. ஆண்டு இறுதியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரேட்டிங். பக்கத்தில் இருப்பவருக்கு உதவிய நாள் கணக்கில் ஏறாது. அந்த ஜப்பானிய நிறுவனங்களில் குழுவை எடைபோட்டதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். ஸ்டோரி பாயிண்ட்டைத் தான் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் ரான் ஜெஃப்ரீஸ் எழுதியிருக்கிறார். அவர் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேரில் ஒருவர்.

ஒப்பந்த வேலையில் வேறு வழி ஏது என்பது நிறுவனங்களின் பதில். இன்ன விலை, இன்ன தேதி, இன்ன பொருள் என்று எழுதாமல் யார் பணம் தருவார்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சம்பளம் அதில் இருக்கிறது. ஆனால் விலையையும் தேதியையும் கட்டிவைத்துவிட்டு, பொருளை மட்டும் நெகிழவிடும் ஒப்பந்த வடிவங்கள் உண்டு. ஸ்க்ரம் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெஃப் சதர்லண்ட் முன்வைத்த ஒன்றில், இன்னும் தொடங்காத ஒரு வேலையை எடுத்துவிட்டு அதே அளவுள்ள வேறொன்றைக் கூடுதல் கட்டணமில்லாமல் வாடிக்கையாளர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அவர் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் குழுவோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். வராவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். காப்பீட்டுத் திரையின் அரை நாள் வேலையை இந்த ஒரு விதி அடுத்த ஸ்பிரிண்டிலேயே முடித்திருக்கும்.

உரிமை இருந்தும் அதைப் பயன்படுத்த அஞ்சும் குழுக்களும் உண்டு. ஓரிடத்தைத் தொட்டால் வேறோரிடம் உடையும் நிரலில், மாற்று என்று யார் சொன்னாலும் கை நடுங்கும். ஸ்க்ரமின் கூட்டங்களை எடுத்துக்கொண்டு எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் கைத்தொழிலை விட்டுவிட்ட குழுக்கள் நாளடைவில் தளர்ந்துபோவதை மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2009-இலேயே சுட்டிக்காட்டினார். தானியங்கிச் சோதனைகளும் அன்றாட இணைப்பும் பொறியாளரின் சொந்த விருப்பம் என்று நிர்வாகம் நினைப்பது தவறு. மாற்றும் உரிமைக்கு அவைதான் கை, கால்.

மருத்துவக் கருவி, விமானம் போன்றவற்றில் எதையும் நினைத்தபோது மாற்ற முடியாது என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். அங்கே குழுவின் உரிமைக்கு எல்லை உண்டு, இருக்கவும் வேண்டும். அந்த எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்தால் எல்லைக்குள் குழு சுதந்திரமாக இயங்கும். ஹோண்டாவின் இரண்டு கட்டளைகளும் எல்லைகள்தானே?

அஜைல் முறை வந்துவிட்டதா என்று ஆராய்பவர்கள் பெரும்பாலும் எத்தனை சடங்குகள் நடக்கின்றன என்று கேள்விப்பட்டியல் கொண்டு எண்ணுகிறார்கள். வேறோர் அளவை நான் முன்வைக்கிறேன். ஒரு குழுவின் கடைசி ஐந்து ஸ்பிரிண்டுகளின் பேக்லாக்கை, அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை, எடுங்கள். டெமோவில் தெரியவந்த ஒன்றால் இடம் மாறிய வேலை எத்தனை, நீக்கப்பட்டது எத்தனை, கவனித்துச் சொன்ன நாளுக்கும் மாறிய நாளுக்கும் இடையே எத்தனை நாள், இடையில் எத்தனை கையொப்பம்? நான் சொன்ன குழுவில் நாள்கள் சுமார் 120. தமிழகத்தில் மேலாண்மையும் மென்பொருள் பொறியியலும் பயிற்றுவிக்கும் துறைகள் இந்த நான்கு எண்களையும் நிறுவனங்களிடமிருந்து திரட்ட முன்வர வேண்டும். பதிவுகள் எல்லா அலுவலகங்களிலும் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டு வாங்கி எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டும்.