நடை பழகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் நின்றிருந்தபோது, துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு தம்பி தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "ஹஜ்ரத், மகனுக்கு ஒண்ணேகால் வயசு. அவன் உம்மா ஒத்தையா கிடந்து தவிக்கிறா. இதையெல்லாம் வாங்கிப் போட்டுட்டுப் போனா அவளுக்குக் கொஞ்சம் லேசா இருக்குமா?" என்றார். பட்டியலில் வாக்கர், பேட்டரி கார், தானே ஆடும் மின்தொட்டில், பாட்டுப் பாடும் பொம்மைகள் என்று வரிசையாக இருந்தன. கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

அன்று அவருக்குச் சொன்னதையும், எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள் வளர்ந்ததில் கற்றுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். எழுதியதை வாசித்துப் பார்த்து வீட்டில் திருத்திச் சொன்னவையும் இதில் உண்டு.

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளையை வைத்திருக்கும் தாய் நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பது "தொடாதே", "ஏறாதே", "வாயில போடாதே" என்பதைத்தான். அந்தப் பிள்ளைக்குச் சொல் புரிந்தாலும் கையை அடக்கத் தெரியாது. நூறாவது முறை சொல்லும்போது தாயின் குரல் உயர்கிறது, சில வேளை கையும் ஓங்குகிறது. ஆகவே ஒரு பொருளை வாங்குமுன், தாய் சொல்ல வேண்டிய "வேண்டாம்"களில் எத்தனையை இது குறைக்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் மயக்கி உட்கார வைக்கும் பொருள் பத்து நாளில் மூலைக்குப் போய்விடும். வீட்டைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றும் பொருளோ அடுத்த பிள்ளைக்கும் உழைக்கும். அவை பெரும்பாலும் ஹார்டுவேர் கடையிலும் பாத்திரக் கடையிலும் கிடைப்பவை, விலையும் குறைவு.

வாக்கர் வேண்டாம்

பட்டியலில் முதலில் அடிக்கச் சொன்னது வாக்கரைத்தான். எங்கள் மூத்த மகனுக்கு நாம் ஆசையாக வாங்கியதும் அதுதான். ஒருநாள் அஸருக்கு நாம் ஒளுச் செய்துகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில், நடையிலிருந்து வாசலுக்கு இறங்கும் படியில் வாக்கரோடு உருண்டு விழுந்தான். நெற்றியில் மூன்று தையல். உம்மா கண் முன்னேதான் நடந்தது. ஓடிப் பிடிக்க முடியவில்லை. வாக்கரில் இருக்கும் பிள்ளை ஒரு நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். தரையில் தவழும் பிள்ளைக்கு எட்டாத தேநீர்க் குவளையும் மேசை விரிப்பும் வாக்கரில் நிற்கும் பிள்ளைக்கு எட்டும். கனடா நாடு 2004-இல் வாக்கர் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கூட்டமைப்பும் அங்கே தடை வேண்டுமென்று கேட்டு வருகிறது. வாக்கரில் வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மையில்லை.

நம் பெரியவர்கள் வைத்திருந்த மூன்று சக்கர மர நடைவண்டி இதைவிடப் பல மடங்கு மேல். அதில் பிள்ளை உட்காருவதில்லை. தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. விழுந்தாலும் நின்ற உயரத்திலிருந்துதான் விழும். வாங்கும்போது சக்கரம் வெண்ணெய் போல் வழுக்கி ஓடாமல் சற்று இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். படி உள்ள பக்கம் மட்டும் விடாதீர்கள்.

வாளிக்கு மூடி

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே எடுத்தோம் என்றாலும் தவறில்லை. நம் குளியலறைகளில் எப்போதும் ஒரு வாளி நிறைய தண்ணீர் நிற்கும். குழாயில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று தெரியாத ஊர்களில் அண்டாவும் டிரம்மும் நிறைந்திருக்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புறச் சாய்ந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். மூக்கும் வாயும் மூழ்கும் அளவு போதும். பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சத்தமே கேட்காது.

இதற்கு வாங்க வேண்டியவை மூன்று. இறுக்கமாக மூடும் மூடியுள்ள வாளி, டிரம். குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். வீட்டில் சம்ப் இருந்தால் அதன் மூடிக்கு ஒரு பூட்டு. மூன்றும் சேர்ந்தும் ஒரு நல்ல பொம்மை காரின் விலை வராது. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் சோற்றுப் பானையோடு நிறுத்திக்கொள்கிறோம். பிள்ளை உள்ள வீட்டில் வாளிக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் என்ன? மூடி இல்லாத வாளியைக் குளித்து முடித்ததும் கவிழ்த்துவிட வேண்டும்.

தடுப்புக் கதவும் சுவரில் திருகிய பீரோவும்

சமையலறை வாசலில் இடுப்பளவுத் தடுப்புக் கதவு ஒன்று போட்டுவிட்டால் தாயின் நாளே மாறிவிடும். பிள்ளை உம்மாவைப் பார்க்கும், உம்மா பிள்ளையைப் பார்ப்பாள். கொதிக்கும் எண்ணெய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் கதவு நிற்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் சுவரோடு இறுக்கி நிறுத்துவது ஒரு வகை, திருகாணி போட்டு முடுக்குவது இன்னொரு வகை. சமையலறைக்கு முதல் வகை போதும். மாடிப்படியின் மேல்முனைக்குத் திருகாணி போட்டதுதான் வேண்டும். இல்லையென்றால் பிள்ளை சாயும்போது கதவோடு சேர்ந்து விழும். ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் கம்பிகள் நெடுக்காக இருக்கட்டும், இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணியாகிவிடும்.

அடுத்தது பலர் நினைத்தும் பார்க்காதது. இழுப்பறைகளைப் படி போல இழுத்துவிட்டு அலமாரியில் ஏறுவது இந்த வயதின் வழக்கம். பாரம் முன்னால் வந்தால் அலமாரி அப்படியே சாயும். சிறிய மேசையில் வைத்த டிவியும் அப்படித்தான். 'எல்' வடிவ இரும்புப் பட்டை இரண்டு, சுவரில் துளையிட்டுப் பிளக் வைத்து நான்கு திருகாணி. எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வரும்போதே டிரில்லைக் கையில் வைத்திருப்பார், அப்போதே முடித்துவிடலாம்.

அவர் வந்த கையோடு, தரையோரம் உள்ள பிளக் பாயிண்டுகளை உள்ளே ஷட்டர் உள்ளவையாக மாற்றச் சொல்லுங்கள். மேலே செருகும் பிளாஸ்டிக் மூடிகளைப் பிள்ளைகள் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு வந்தால் அது நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும். பிள்ளைக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் அது காவல்.

பினாயில், ஆசிட், கொசுமருந்துக் குப்பி, அந்துருண்டை ஆகியவை மேல்தட்டில், பூட்டுள்ள அலமாரியில். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிச் சட்டிக்கும் உயரமான ஒரு மாடம் வேண்டும். அணைந்தது போலத் தெரியும் கரி வெகுநேரம் சுடும்.

சாப்பாடும் தொழுகையும்

சுப்ரா விரித்துத் தரையில் சாப்பிடும் வீடுகளில் பெரிய தொல்லை, ஆவி பறக்கும் சோறும் ஆணமும் பிள்ளை தவழும் உயரத்திலேயே இருப்பது. மூடியுள்ள ஹாட்பாக்ஸ் இரண்டு வாங்கி, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைச் சுப்ராவுக்குக் கொண்டு வராமல் விட்டால் பாதிக் கவலை தீரும். பிள்ளைக்கு விளிம்பு உயர்ந்த, கனமான சிறு எவர்சில்வர் தட்டு ஒன்று தனியாகக் கொடுங்கள். சிந்தத்தான் செய்யும், சிந்தட்டும். சஹனில் கை வைக்க வந்தால் வாப்பா மடியில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். அதற்குக் காசு வேண்டாம்.

தாய்மார்கள் நம்மிடம் அதிகம் கேட்கும் கேள்வி தொழுகை பற்றியது. பிள்ளை மூத்திரம் பட்டுவிட்டது, துணி மாற்றுவதற்குள் மக்ரிப் போய்விட்டது என்பார்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. படுக்கைக்குத் தண்ணீர் இறங்காத விரிப்பு இரண்டு, ஒன்று காயும்போது ஒன்று. தொழுகைக்கென்றே தனியாக ஒரு முழு அங்கியும் மக்கன்னாவும், பிள்ளை கைக்கு எட்டாத ஆணியில். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. முசல்லாவில் பிள்ளை வந்து விழுவது தொழுகைக்குக் கேடில்லை. நஜீஸைத்தான் கவனிக்க வேண்டும்.

ஒன்றரை வயதுக்கு மேல் கழிப்பிடப் பழக்கம் தொடங்கலாம். கடையில் 'பேபி பாட்டி' என்று கேட்டால் தரும் சாதாரண பிளாஸ்டிக் இருக்கை போதும். பாட்டுப் பாடுவதை வாங்கினால் பிள்ளை அதை விட்டு எழவே மாட்டான்.

இந்தப் பட்டியலில் நமக்கு மிகவும் பிடித்தது, வழுக்காத அடிப்பாகம் உள்ள இரண்டு படி ஸ்டூல். வாஷ்பேசினுக்கு எட்டத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் கடைசி மகள் தானே கை கழுவினாள். நாம் ஒளுச் செய்யும்போது பக்கத்தில் ஏறி நின்று முழங்கை வரை நனைத்துக்கொள்வாள். தரை ஈரமாகும், அவ்வளவுதான்.

பொம்மையும் மருந்தும் சுர்மாவும்

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதான, 3.2 சென்டிமீட்டர் விட்டக் குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் ஆகாது. பொத்தான் போன்ற வட்ட பேட்டரி உள்ள பொம்மையை, அதன் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தாலொழிய, வீட்டுக்குள் விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். டிவி ரிமோட், எடை பார்க்கும் கருவி போன்றவற்றிலும் அது இருக்கும்.

மருந்துப் பெட்டியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மில்லி அளவு போட்ட சிரிஞ்சு மூன்றும் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; பாதி பாதியாகக் கணக்குப் போடக் கூடாது. காய்ச்சல் மருந்தில் சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு வீரியமானது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உம்ரா போய் வருபவர்கள் அன்பாகத் தரும் சுர்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுர்மா இடுவது சுன்னத் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இஸ்மித் என்று பெயர் ஒட்டி வரும் பொடியெல்லாம் அதுதான் என்பதற்கு உறுதியில்லை. சுர்மா, கண்மை வகைகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. பிள்ளை கண்ணைக் கசக்கி அதே விரலைச் சூப்பும். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. பெரியவர்கள் இட்டுக்கொள்ளட்டும், பிள்ளைக்கு வேண்டாம்.

கல்லூரியில் பொருளாதாரம் படித்த நாட்களில், ஒரு பொருளின் உண்மை விலை அதற்காக நாம் கைவிட்ட மற்றொன்று என்று பேராசிரியர் சொல்வார். அந்தத் தம்பியிடமும் அதையே வேறு விதமாகச் சொன்னோம்: மின்தொட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில், நாளுக்கு இரண்டு மணி நேரம் வீட்டு வேலைக்கு ஒரு ஆளைச் சில மாதங்கள் வைக்கலாம். அந்த நேரத்தில் அவர் மனைவி கொஞ்சம் தூங்குவார். தம்பி பட்டியலை அழித்துவிட்டு, அன்று மாலையே ஹார்டுவேர் கடைக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம்.

பிள்ளை வளர்ந்ததும் தடுப்புக் கதவு, ஸ்டூல், நடைவண்டி, 'பாட்டி' எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். வாக்கரை மட்டும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அது வெகுநாள் எங்கள் பரணில் கிடந்தது. கடைசியில் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பழைய இரும்புக் கடையில் போட்டோம்.