கொடைக்கானல் பாதரச மாசும் பாக்டீரியாவழித் தூய்மையாக்கமும்

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்களால் மாசடைந்த மண்ணையும் நீரையும் பாக்டீரியாக்களின் துணையோடு சீராக்குவது பாக்டீரியாவழித் தூய்மையாக்கம் எனப்படுகிறது. இம்முறையால் எது முடியும், எது முடியாது என்பதை அறிய, தேனி மாவட்டத்தை ஒட்டிய பழனி மலையில் நேர்ந்த பாதரச மாசு தக்க எடுத்துக்காட்டாகும்.

மாசின் வரலாறு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று, 1983-இல் பாண்ட்ஸ் நிறுவனத்தால் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. 1987-இல் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதைத் தொடர்ந்து, அத்தொழிற்சாலை இந்துஸ்தான் லீவரின் வசம் வந்தது.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த 7.4 டன் உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கண்டறியப்பட்டது. கிரீன்பீஸ், பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் ஆகியவற்றோடு ஊர் மக்களும் போராடினர். அம்மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தங்கள் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்தது. 2016 மார்ச்சில் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது.

தேனியுடனான தொடர்பு

தொழிற்சாலை வளாகத்திற்குக் கீழே பாம்பார் சோலை உள்ளது. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு, பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. அந்நீர் பின்னர் வைகைப் படுகையைச் சேர்கிறது. எனவே மலைமேல் மண்ணில் தங்கும் பாதரசம், மழைநீரோடும் வண்டலோடும் கீழே இறங்கக்கூடும் என்ற கவலை தேனி மக்களுக்கும் உரியதே. ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் பாதரசம் இருப்பதைக் காட்டியது.

பாக்டீரியா செயல்படும் விதம்

பாதரசம் ஒரு தனிமம். எந்த உயிரியாலும் அதை அழிக்க இயலாது. அதன் வடிவத்தை மட்டுமே மாற்ற முடியும். சில பாக்டீரியாக்களிடம் 'மெர்' எனப்படும் மரபணுத் தொகுதி உள்ளது. இதிலுள்ள மெர்-பி நொதி, கரிமப் பாதரசச் சேர்மத்தில் கார்பனுக்கும் பாதரசத்திற்கும் இடையிலுள்ள பிணைப்பை உடைக்கிறது. மெர்-ஏ நொதி, அயனி வடிவப் பாதரசத்தை நச்சு குறைந்த உலோகப் பாதரசமாக மாற்றுகிறது. பாதரசம் தன்னைக் கொல்லாமலிருக்க பாக்டீரியா கொண்டுள்ள தற்காப்பே இது.

ஜெர்மனி ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் இதைத் தொழிற்சாலைக் கழிவுநீரில் பயன்படுத்தினர். குளோர்-காரத் தொழிற்சாலையின் கழிவுநீர், பாதரசத்தைத் தாங்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்த கலன் வழியே செலுத்தப்பட்டது. உலோகமாக மாறிய பாதரசம் சிறு துளிகளாகக் கலனுக்குள்ளேயே தங்கியது.

வரம்புகள்

மூடிய கலனில் பலன் தருவது திறந்த மலைச்சரிவில் அப்படியே பலன் தராது. உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாகும் தன்மையுடையது. பிடித்துவைக்க ஏற்பாடு இல்லையெனில், மண்ணிலிருந்து நீங்கியது காற்றில் கலந்து வேறிடத்தில் படியும். மேலும் எல்லாப் பாக்டீரியாவும் உதவி செய்வதில்லை. ஆக்சிசன் இல்லாத சேற்றில் வாழும் சல்பேட்டு ஒடுக்கும் பாக்டீரியாக்கள் சில, பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமான நஞ்சு இதுவே. இது மீன்களின் உடலில் சேர்ந்து, உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லப் பெருகும்.

கொடைக்கானல் வளாகத்திற்கு மண்ணைக் கழுவிப் பிரித்து, வெப்பமூட்டிப் பாதரசத்தை மீட்கும் முறையே தேர்வு செய்யப்பட்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் என்ற வரம்பு போதாது என்று சூழலியலாளர்கள் வாதிட்டனர். சோலைக்காட்டிலோ இந்தச் சிக்கல் இன்னும் கடினமானது. மண்ணைத் தோண்டினால் காடு அழியும், விட்டுவைத்தால் பாதரசம் அங்கேயே இருக்கும். தோண்டாமல் தூய்மைசெய்யும் உயிரியல் முறைகள் கவனம் பெறுவது இதனால்தான். ஆனால் எந்தப் பாக்டீரியா அங்கு செயல்படுகிறது, விடுவிக்கப்படும் பாதரசம் எங்கே போகிறது என்ற இரண்டையும் அளந்தறியாமல் அவற்றைக் கையாள்வது, மாசை இடம் மாற்றுவதாகவே முடியும்.