ஆறில் ஐந்து பங்கு வேகம்

எமுலேட்டரில் கேம் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எதைவிட மெதுவா?" என்றுதான். கிண்டலுக்கு இல்லை. அதற்கு மூன்று பதில்கள் சாத்தியம். கணினி திணறலாம். கேம் அசல் பெட்டியிலேயே அப்படித்தான் ஓடியிருக்கலாம். அல்லது நம் ஞாபகத்தில் தங்கிப்போன வேகம் வேறாக இருக்கலாம். முதல் இரண்டையும் செட்டிங்ஸைக் கொஞ்சம் நோண்டினால் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்மூரும் வருகிறது.

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. பழைய 1401 கணினிக்காக எழுதிய நிரல்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்க வாடிக்கையாளர்கள் தயாராக இல்லை. 1401 நமக்கும் அந்நியமில்லை. 1961ல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனம் கொண்டுவந்து வைத்தது அதைத்தான். ஐ.பி.எம். பொறியாளர்கள் புதிய இயந்திரத்தின் உள்ளேயே, மைக்ரோகோடு மட்டத்தில், 1401 போல நடிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அதற்கு எமுலேட்டர் என்று பெயர் வைத்தவர் லாரி மாஸ். பழைய நிரல்கள் பழைய இயந்திரத்தைவிடப் புதியதில் வேகமாகவே ஓடின. அதாவது எமுலேட்டர் பிறந்தபோது அசலை முந்திக்கொண்டு ஓடிய சாதனம்.

மெதுவாகும் வியாதி பிறகு வந்தது. வன்பொருளின் துணையில்லாமல், முழுக்க மென்பொருளாலேயே வேறொரு கணினியைப் போல நடிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு கட்டளைக்கும் கூலி கொடுக்க வேண்டியதாயிற்று. அசல் சிப் ஒரு கட்டளையை முடிக்கும் இடத்தில் நம் ப்ராசஸர் அதை எடுத்து, இது என்ன என்று பிரித்துப் பார்த்து, செய்து, விளைவைக் குறித்துவைக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து, இருபது வேலை. அதோடு கன்சோலில் பல சிப்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒன்று முந்தாமல் ஒன்று பிந்தாமல் அவற்றைக் கோத்துக்கொண்டே போகவேண்டும். இத்தனையும் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடிக்குள். அதைத் தாண்டினால் படம் தடுக்கும், பாட்டு கரகரக்கும்.

இந்தக் கூலியைக் குறைக்க ஆளுக்கொரு வழி பிடித்தார்கள். 1999 ஜனவரியில் வந்த அல்ட்ரா ஹெச்.எல்.இ. அதில் ரொம்பத் துணிச்சலானது. நின்டெண்டோ 64 வெளிவந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதன் சிப்பை வரிக்கு வரி நடிக்காமல், கேம் என்ன கேட்கிறது என்று ஊகித்து, 'முக்கோணம் வரையச் சொல்கிறாயா, இந்தா' என்று கணினியின் கிராபிக்ஸ் கார்டிடம் நேரடியாகத் தள்ளிவிட்டார்கள். பென்டியம் 2 கணினியில் மாரியோ 64 ஓடியது. ஆனால் ஊகம் பலித்த கேம்கள் மட்டும்தான் ஓடின.

எதிர்த்திசையில் போனவர் பையூ என்ற புனைபெயரில் எழுதியவர். சூப்பர் நின்டெண்டோவுக்கு அவர் செய்த பி.எஸ்.நெஸ், ஊகமே வேண்டாம், எல்லா சிப்பையும் துடிப்புக்குத் துடிப்பு நடிப்போம் என்றது. அசல் இயந்திரத்தின் ப்ராசஸர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதைத் துல்லியமாக நடிக்க ஏன் 3 கிகாஹெர்ட்ஸ் கணினி தேவை என்று 2011ல் அவரே ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பேரம் இன்றுவரை மாறவில்லை: வேகம் வேண்டுமா, துல்லியத்தைக் கொஞ்சம் விடு. துல்லியம் வேண்டுமா, நல்ல மெஷின் வாங்கு.

*

சாயல்குடியை அடுத்த கடற்கரை ஊர் மாரியூர். போன கோடையில் அங்கே சித்தப்பா மகன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். பி.சி.எஸ்.எக்ஸ்.2வில் காட் ஆஃப் வார் 2.

"அண்ணே, கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. அப்பறம் சவ்வு மாதிரி இழுக்குது. கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியாகுமா?"

"பொறுடா. யாரு தூங்குறான்னு மொதல்ல பாப்போம்."

பிளேஸ்டேஷன் 2 (2000) ஒரு கூட்டுக் குடும்பம். 295 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எமோஷன் எஞ்சின், அதோடு ஒட்டிய இரண்டு வெக்டர் யூனிட்கள், படம் வரையும் கிராபிக்ஸ் சிந்தசைசர், சில்லறை வேலைகளுக்குப் பழைய பிளேஸ்டேஷனின் ப்ராசஸர். எமுலேட்டர் இவர்களைச் சில திரெட்களாகப் பிரித்து ஓட்டுகிறது. திரையின் மூலையில் புள்ளிவிவரம் காட்டும் வசதியைப் போட்டால் யார் முழுச் சுமையில் இருக்கிறார் என்பது சதவீதத்தில் தெரியும். ஈ.ஈ. திரெட் 100ஐத் தொட்டால் ப்ராசஸரின் ஒற்றைக் கோர் போதவில்லை என்று அர்த்தம். கார்டு வாங்கி வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஜி.பி.யு. 100 என்றால் ரெசல்யூஷனைக் குறைத்தாலே போதும்.

அவனுடையதில் ஜி.பி.யுதான் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று மடங்கு ரெசல்யூஷன் வைத்திருந்தான். லேப்டாப்பில் இருந்தது 2400 வேக ரேம் ஒற்றைக் குச்சி; நொடிக்கு 19.2 ஜி.பி.தான் போகும். பிளேஸ்டேஷன் 2ன் கிராபிக்ஸ் சிப்புக்குள் இருந்த நினைவகம் வெறும் 4 எம்.பி., ஆனால் அதன் பாதை நொடிக்கு 48 ஜி.பி. இருபது வருஷம் பழைய பெட்டி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் லேப்டாப்பை ஜெயித்துவிடுகிறது. புகை, தூசி, ஒளி என்று திரையை அடுக்கடுக்காகப் பூசும் கேம்களில் அடி விழுவது இங்கேதான்.

ரெசல்யூஷனை அசலுக்கு இறக்கினோம். நன்றாக ஓடியது. இருபது நிமிஷத்தில் மறுபடி இழுவை. இப்போது புள்ளிவிவரத்தில் எல்லாமே ஏறியிருந்தது, ப்ராசஸரின் கடிகாரம் மட்டும் இறங்கியிருந்தது. சூடு. பின்பக்கத்தைக் கழற்றினால் ஃபேன் தகடுகளின் இடுக்கில் தூசி, ஈரமும் உப்பும் சேர்ந்து அட்டையாகப் படிந்திருந்தது. கடற்கரை ஊரில் ஜன்னல் கம்பிக்கு நடப்பது லேப்டாப்புக்கும் நடக்கும். பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, சார்ஜரைச் செருகி, பவர் மோடை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவைத்தேன். 'ஈ.ஈ. சைக்கிள் ரேட்'டைக் குறைத்தால் வேகம் கூடும் என்பார்கள். எமுலேட்டரின் சுமை குறையும், மீட்டர் 100 காட்டும். ஆனால் உள்ளே இருக்கிற பொய்யான பிளேஸ்டேஷன்தான் மெதுவாகியிருக்கும். கேம் தானாக ஃப்ரேம்களை விட ஆரம்பிக்கும். அதே மாதிரி ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் அசல் பெட்டியிலேயே திணறிய கேம். சூப்பர் நின்டெண்டோவின் கிரேடியஸ் 3ம் அப்படித்தான். அந்தத் திணறலைத் தீர்க்க 2019ல் விட்டோர் விலேலா என்பவர் கேமின் கோடையே திருத்தி, வேகமான ஒரு துணைச் சிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. எமுலேட்டர் அசலின் தாமதத்தையும் நடித்துக் காட்டினால் அது தவறில்லை, விசுவாசம்.

*

மூன்றாவது பதிலுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நாம் 'டிவி கேம்' என்று சொன்னது பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியின் நகல். மஞ்சள் கேசட், அதில் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் வந்ததே திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டை ஊதிச் செருகுவோம்.

கல்லூரியில் எமுலேட்டரில் முதன்முதலாக மாரியோ போட்டபோது எனக்கு அது பதறி ஓடுவதுபோல இருந்தது. சுருதி அதேதான். தாளம் மட்டும் வேகம். சிறுவயது ஞாபகம் எதையும் பெரிதாக்கும், மெதுவாக்கும் என்பார்கள். இதில் ஞாபகத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. கணக்கு இருக்கிறது.

ஃபேமிகாம் ஜப்பானின் என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சிக்காகச் செய்தது, நொடிக்கு 60 படம். இந்தியா 1982ல் வண்ண ஒளிபரப்புக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது பி.ஏ.எல். முறை, நொடிக்கு 50. நகல் பெட்டி செய்தவர்களுக்கு இது சிக்கல். கேசட்கள் 60க்கு எழுதியவை, டிவி 50. தைவானின் யு.எம்.சி. போன்ற சிப் நிறுவனங்கள் சாமர்த்தியமான வழி ஒன்றைப் பிடித்தன. ப்ராசஸரின் கடிகாரத்தை அசலுக்குக் கிட்டத்தட்டவே வைத்தார்கள்: அசலில் 1.79 மெகாஹெர்ட்ஸ், இதில் 1.77. ஒவ்வொரு படமும் வரைந்து முடிந்ததும் 51 கோடு நேரம் சும்மா காத்திருந்து, பிறகுதான் 'அடுத்த படம்' என்று ப்ராசஸருக்கு மணி அடித்தார்கள். கேமுக்கு வித்தியாசமே தெரியாது. எந்த கேசட்டும் உடையாமல் ஓடும். ஆனால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்.

சுருதி கடிகாரத்திலிருந்து வருகிறது, தாளம் படக் கணக்கிலிருந்து வருகிறது. அதனால்தான் பாட்டின் சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்க, நடை மட்டும் தளர்ந்தது. மாரியோவின் கடிகாரம் 24 படத்துக்கு ஒன்று குறையும். 400லிருந்து பூஜ்யத்துக்கு வர ஜப்பானில் 160 விநாடி. 50 படப் பெட்டியில் 192. நமக்கு ஒவ்வொரு கட்டத்திலும் அரை நிமிஷம் கூடுதலாகக் கிடைத்தது. எதிரியின் குண்டும் அதே அளவு மெதுவாக வந்தது.

இந்த வேகம் இன்றைய எமுலேட்டர்களில் ஒரு மெனுவாக இருக்கிறது. அதன் பெயர் 'டென்டி'. 1992 இறுதியில் ரஷ்யாவில் ஸ்டீப்ளர் நிறுவனம் விற்கத் தொடங்கிய நகல் பெட்டியின் பெயர் அது. அங்கே விளையாடியவர்கள் பெட்டியைக் கழற்றி, சிப் எண்ணைக் குறித்து, அளந்து எழுதினார்கள். அதனால் அவர்கள் பெயர் நின்றது. நம்மிடமும் அதே பெட்டிகள் இருந்தன, அளந்து எழுதிவைக்கிற பழக்கம் வரவில்லை. இது டிவி கேமோடு நிற்கவில்லை. 2009ல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் பிளேஸ்டேஷன் 2க்குச் செய்த ஹனுமான்: பாய் வாரியர், அதே வருஷம் கபடியும் கில்லியும் வந்த தேசி அட்டா, இவையெல்லாம் இனி எமுலேட்டரில்தான் உயிரோடு இருக்கப் போகின்றன. அவை சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்க அசலை விளையாடிய நம்மைத் தவிர யார் வருவார்கள்?

வீட்டுப் பரணில் பழைய டிவி கேம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கடலோர ஊர் என்றால் சீக்கிரம். தகடு பச்சை பூத்துவிடும். கழற்றி சிப் எண்ணைப் போட்டோ எடுங்கள். பிறகு மாரியோ கேசட்டைப் போட்டு, முதல் கட்டத்தில் எந்தப் பட்டனையும் தொடாமல் நில்லுங்கள். எதிரி வரமாட்டான். கடிகாரம் 400லிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதைப் போனில் வீடியோ எடுத்து விநாடியை எண்ணுங்கள். 160 வருகிறதா, 192 வருகிறதா என்று பெட்டியின் பெயரோடும் வாங்கிய ஊரோடும் சேர்த்து எழுதிவையுங்கள்.